மீன் சந்தையில் ஒரு நூலகம்

நூலகத்தில் மீன் வாசனை அடிக்காது. இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்று காலை பெட்டிக்காரியின் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளைத் தடியைத் தரையில் தட்டியபடி, நூலகத்துப் படிக்கட்டு இருக்க வேண்டிய திசையில் நாலடி வைத்தபோது தடி போய் முட்டியது ஒரு ஐஸ் பெட்டியில். "யாருய்யா அது, கண்ணு தெரியலையா?" என்று ஒருத்தி கத்தினாள். பிறகு தடியைப் பார்த்திருக்க வேண்டும், குரலைச் சட்டென்று தாழ்த்தி, "எங்க போகணும் சார்?" என்று கேட்டாள். அதற்குள் மூக்கு அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தது.

அந்த அம்மாள் நல்லவள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு டாக்ஸியை நிறுத்தி ஏற்றிவிட்டாள். அடிபடவில்லை, எதுவும் தொலையவில்லை, செருப்பு மட்டும் மீன் தண்ணீரில் நனைந்தது. ஆனால் சாயங்காலம் அவன் பஸ் ஏறவில்லை. மனைவிக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போ" என்றான். மூன்று மாதமாக அவன் வாயில் வராத வார்த்தை அது.

அவனுக்குப் பார்வை போய் நாலு வருஷம் ஆகிறது. நூலகத்தில் புத்தகங்களை வகை பிரித்து எண் போட்டு அடுக்குகிற வேலையில் இருந்தவன். கண் போன பிறகும் நூலகம் அவனைக் கைவிடவில்லை, தொலைபேசி மேசைக்கு மாற்றிக் கொடுத்தது. இந்தப் புத்தகம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், கணினியில் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு முன்னால் அவன் அலமாரியையும் தட்டையும் சொல்லிவிடுவான். சிக்கல் வேலையில் இல்லை, வேலைக்குப் போய்ச் சேர்வதில்தான். காலையில் அவன் மனைவி, பெட்டிக்காரியின் அண்ணி, கொண்டுபோய் விடுவாள், மாலையில் போய் அழைத்து வருவாள். அவளோ ஒரு பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறவள். கிரீமில் ரோஜா போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேக்கரியில் அந்த வேலையெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும் என்பதால், அண்ணி வேலையை விட்டாள். கிரீம் பிழியும் கூம்புகளை ஒரு துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதில் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

அப்போதுதான் பெட்டி வந்தது. பஸ்ஸின் கூரையோரம் பொருத்தப்படும் உள்ளங்கை அகலப் பெட்டி. வண்டி எத்தனையாவது நிறுத்தத்தை நெருங்குகிறது என்று செயற்கைக்கோள் மூலம் தெரிந்துகொண்டு, அந்த நிறுத்தத்தின் பெயரை உரக்கச் சொல்லும். அதன் மூளையை எழுதியவள் அண்ணனின் தங்கை. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் எம்பெடட் சாஃப்ட்வேர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், "பெட்டிக்குள்ள மூளை வைக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அன்றிலிருந்து உறவு முழுக்க அவளுக்குப் பெட்டிக்காரி என்றே பெயர் நின்றுவிட்டது. அண்ணன் மட்டும் பிறந்ததிலிருந்து கூப்பிடும் பெயரை மாற்றவில்லை. அவனுக்கு அவள் வாலு.

பெயர்களைச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. கணீரென்ற குரலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியில் தேடுவானேன் என்று பெட்டிக்காரி அண்ணியை உட்கார வைத்தாள். சமையலறைக் கதவைச் சாத்தி, குழாயை இறுக மூடி, அண்ணி ஒவ்வொரு நிறுத்தமாகச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பது பதிவில் கேட்கும். வெட்டிவிடலாமா என்று யோசித்துப் பெட்டிக்காரி அப்படியே விட்டுவிட்டாள்.

"வீட்ல எந்திரி, குளி, சாப்பிடுன்னு இவ குரல்தான். பஸ்லயாவது தப்பிக்கலாம்னு பாத்தேன்," என்று அண்ணன் அலுத்துக்கொண்டான். ஆனால் முதன்முதலாகத் தனியாக வேலைக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்த நாளில், பாடிக்கொண்டே சட்டையை மாற்றினான். அடுத்த வாரம் அண்ணி மேல்தட்டிலிருந்து துணிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். பேக்கரிக்காரர் அவளை வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாராம்.

இப்படி மூன்று மாதம் ஓடியிருந்த நேரத்தில்தான் நூலகம் மீன் சந்தைக்குக் குடிபோனது.

அண்ணி போனில் விஷயத்தைச் சொன்னதும் பெட்டிக்காரி நேராக டிப்போவுக்குப் போனாள். அந்த பஸ் ஓட்டம் முடிந்து நின்றிருந்தது. எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போயிருந்தார். காவலாளியிடம் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள்.

"பாலத்துக்கு முன்னாடியே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு," என்றான் அண்ணன். "நூலகம் பாலத்துக்கு இந்தப் பக்கம். அங்க நிக்கும்போது பெட்டி மீன் சந்தைன்னுச்சு. பாலம் தாண்டி, அந்த வளைவும் தாண்டினப்புறம் நூலகம்னுச்சு. உடம்பு இது இல்லங்குது. இவ நூலகம்ங்கறா. இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எறங்கிட்டேன்."

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. "அந்த ரெண்டுந்தான் நான் திரும்பப் பதிஞ்சு குடுத்தேன். மொதல்ல பதியும்போது அந்த ரெண்டுலயும் சளில குரல் கரகரன்னு இருந்துச்சுன்னு சொன்னேன்ல? கேக்கவே சகிக்கல. போன வாரம் புதுசா சொல்லி டிப்போவுக்கு அனுப்பினேன், நேத்துதான் கார்டுல மாத்தினாங்க. நான்தான் பேர மாத்திச் சொல்லிட்டேனா?"

"இருங்க அண்ணி, பாத்துருவோம்," என்று பெட்டிக்காரி கார்டை லேப்டாப்பில் செருகினாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு ஃபைல், ஃபைலின் பெயர் நிறுத்தத்தின் எண். ஒன்றிலிருந்து கடைசி வரை ஒழுங்காக அணிவகுத்து நின்றன. ஒன்பதைத் தட்டினாள். மூச்சு இழுக்கும் சத்தம், பிறகு அண்ணியின் குரல்: நூலகம். பதினாலைத் தட்டினாள்: மீன் சந்தை. சளி இல்லை, தடுமாற்றம் இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டியது இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது அவளுக்கு. "அண்ணி மேல தப்பில்ல. பெட்டி மேலயும் தப்பே இல்ல. எல்லாம் கரெக்டா இருக்கு," என்றாள், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி. மேசையில் இருந்தது மூன்று பேர். இரண்டு பேரை விடுதலை செய்தால் மிச்சம் யார் என்று கணக்குப் பார்க்க அந்தப் படித்த மேதைக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்குத் தோன்றியது.

"சரி. அப்போ என் காதுதான்," என்றான்.

"அப்படி இல்லண்ணா…"

"வேற எப்படி? பெட்டி சரியாச் சொல்லியிருக்கு. நான் மாத்திக் கேட்டிருக்கேன். கண்ணு போச்சு, இப்போ காது ஆரம்பிக்குது போல." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "நாளையிலேர்ந்து நீயே கூட வந்துரு," என்று மனைவி பக்கம் திரும்பிச் சொன்னான்.

அண்ணி எழுந்து போய்ப் பேக்கரிக்காரருக்குப் போன் செய்தாள். அவர் உடனே வேறு ஆள் பார்க்க மனமில்லாமல், சனிக்கிழமை மதியம் வரைக்கும் யோசித்துச் சொல்லச் சொன்னார். அண்ணி திரும்பி வந்து தட்டுகளை எடுத்து அடுக்கினாள். வழக்கமாக அவள் தட்டு அடுக்கும்போது இப்படிச் சத்தம் வராது.

மறுநாள் காலை கார்டைத் திருப்பிக் கொடுக்க டிப்போவுக்குப் போனாள் பெட்டிக்காரி. அங்கே எலக்ட்ரீஷியன் ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு டிப்போ வைத்திருக்கும் பெயர் நிதானம். ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் முதலில் பழைய பல்பைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் புதியதைத் தொடுவார். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது அவர் வாயில் தினமும் வரும் மந்திரம். அவருக்காகக் காத்திருக்கும் டிரைவர்கள் அண்டாவையே சபிப்பார்கள்.

"வாங்க மேடம். உங்க பெட்டி முந்தாநேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு. நேத்து டிரைவர் மானத்த வாங்கிருச்சாம்," என்றார்.

"ஏன்? என்ன ஆச்சு?"

"மீன் சந்தைல போய் நூலகம்னு கத்துதாம். கூடையோட ஏறின ஒரு அம்மா, இங்க நெத்திலி பத்தின புத்தகம் கெடைக்குமான்னு கேட்டாங்களாம். பஸ்ஸே சிரிச்சிருக்கு."

பெட்டிக்காரி பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸே கேட்டிருக்கிறது. அப்படியென்றால் அண்ணனின் காது நன்றாக இருக்கிறது. முதலில் வந்தது சந்தோஷம். அதன் பின்னாலேயே நேற்று ராத்திரி மேசையில் அவள் சொன்ன வார்த்தை வந்து நின்றது. பெட்டி மேல தப்பே இல்ல.

"அண்ணே, ஸ்பேர் பெட்டி ஒண்ணு குடுங்க."

பட்டறை மேசையில் பெட்டியை வைத்து, அதே கார்டைச் செருகி, ஒன்பதாவது நிறுத்தம் வருகிறது என்று பெட்டியை ஏமாற்றினாள். மூச்சு இழுக்கும் சத்தம். மீன் சந்தை. பதினாலாவது என்றாள். நூலகம். கார்டை உருவி லேப்டாப்பில் போட்டாள், எல்லாம் சரி. மறுபடி பெட்டியில் போட்டாள், தப்பு. ஒரே கார்டு, ஒரே ஃபைல்கள், லேப்டாப்புக்கு ஒரு முகம், பெட்டிக்கு ஒரு முகம். மாமியாருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பேசும் மருமகளைக்கூட இதைவிடச் சுலபமாகப் பிடித்துவிடலாம்.

"பேய் கீய் இருக்குமா மேடம்?" என்றார் நிதானம்.

"இருக்கு அண்ணே. அத எழுதினது யாருன்னுதான் பாக்கணும்."

அவள் ஒரு காரியம் செய்தாள். மூன்று மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். பெட்டி கார்டைத் திறந்ததும் உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு போகும். அப்படி வாசிக்கிற ஒவ்வொரு பெயரையும் வாசிக்கிற வரிசையிலேயே திரையில் காட்டு என்று சொன்னாள். எண்கள் வரிசையாக வந்தன. எட்டு வரைக்கும் ஒழுங்கு. எட்டுக்கு அடுத்து வந்தது பதினாலு. பிறகு பத்து, பதினொன்று என்று ஒழுங்காகப் போய், பதிமூன்றுக்கு அடுத்து வந்தது ஒன்பது. பிறகு பதினைந்து.

"அண்ணே, நீங்க புது ரெக்கார்டிங்க எப்படிப் போட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

நிதானத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் தாறுமாறா எதுவும் செய்ய மாட்டேன் மேடம். பழசும் புதுசும் கலந்துரக் கூடாதுன்னு மொதல்ல பழசு ரெண்டையும் அழிச்சேன். அழிஞ்சிருச்சான்னு பாத்தேன். அப்புறம் உங்க அண்ணி போன்ல அனுப்பினதுல மேல இருந்தத மொதல்ல போட்டேன். கீழ இருந்தத ரெண்டாவதா போட்டேன். பதறாத காரியம் சிதறாது."

"மேல இருந்தது எது?"

"மீன் சந்தை."

அவ்வளவுதான் விஷயம். கார்டில் டைரக்டரி என்பது வேறொன்றுமில்லை, ஃபைல்களின் பெயர்கள் உட்கார்ந்திருக்கும் கட்டங்களின் வரிசை. ஒரு ஃபைலை அழித்தால் அதன் கட்டத்தில் காலி என்று குறி விழும். பின்னால் இருப்பவை முன்னால் நகர்ந்து வராது. அடுத்து வருகிற புது ஃபைல், முதலில் தட்டுப்படும் காலிக் கட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது யாருடைய இடம், தன் எண் என்ன என்றெல்லாம் அது விசாரிக்காது. அப்படித்தான் ஒன்பது இருந்த கட்டத்தில் மீன் சந்தையும், பதினாலு இருந்த கட்டத்தில் நூலகமும் குடியேறின. லேப்டாப் கெட்டிக்காரத்தனமாக, காட்டுவதற்கு முன்னால் எண்படி அடுக்கிக் காட்டியது. விருந்தாளி வரும்போது துணி மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளும் வீடு மாதிரி. பெட்டிக்கு அந்த நாகரிகம் தெரியாது. கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டு போய், ஒன்பதாவதாகக் கிடைத்ததை ஒன்பது என்று நம்பிவிட்டது. நம்பச் சொல்லி எழுதியது பெட்டிக்காரி. காலிக் கார்டில் ஒன்றிலிருந்து வரிசையாக ஃபைல் போட்டு அவள் சோதித்தபோது எல்லாம் சரியாக வந்தது. ஒருமுறை சரியாக வந்தது எப்போதும் சரியாக வரும் என்று இருந்துவிட்டாள்.

"அப்போ என் மேலதான் தப்பா மேடம்?" என்றார் நிதானம், சின்னக் குரலில்.

"உங்க மேல ஒண்ணுமில்ல அண்ணே. எய்தவ நான் இருக்கேன், அம்ப எதுக்கு நோகணும்."

திருத்தம் பத்து வரிக்குள் முடிந்தது. எத்தனையாவதாகக் கிடைக்கிறது என்று இனி எண்ணாதே, ஒன்பது என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று தேடி எடு. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு, வேறு எதையும் சொல்லித் தொலைக்காதே. இதுதான் பெட்டிக்கு அவள் சொன்ன புத்தி. சோதிக்க வேண்டுமே என்று, கார்டிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிதானத்திடம் கொடுத்தாள்.

"இஷ்டத்துக்கு, தாறுமாறா போடுங்க அண்ணே."

"எனக்கு அது வராதே மேடம்," என்று அவர் திகைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபைலாக யோசித்து யோசித்து, தாறுமாறையும் நிதானமாகவே செய்து முடித்தார். பெட்டி ஒன்றில்கூடத் தவறவில்லை. அன்றே எல்லா பஸ்களிலும் புது மூளை ஏறியது.

சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவளுக்குக் கால் கூசியது. உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னாள். "அண்ணா, உன் காதுக்கு ஒண்ணுமில்ல. பஸ்ல எல்லாரும் அதேதான் கேட்டிருக்காங்க. தப்பு என்னுது. நேத்து பெட்டி மேல தப்பில்லன்னு சொன்னேன் பாரு, அது அதவிடப் பெரிய தப்பு."

அண்ணன் பதில் சொல்வதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். அவள் கோபப்பட்டுப் பெட்டிக்காரி பார்த்ததில்லை. "நீ சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிட்ட. இவர் ராத்திரி பூரா தூங்கல. காதுக்குப் பக்கத்துல விரலச் சொடுக்கிச் சொடுக்கிப் பாத்துட்டு இருந்தார், கேக்குதா கேக்குதான்னு. நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன்."

பெட்டிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாத சொல், அதனால் வாயில் வரவில்லை. மூக்கை உறிஞ்சினாள். அது அண்ணனுக்குக் கேட்டது. அவன் காதுதான் நன்றாக இருக்கிறதே.

"சரி விடு. என்னதான் ஆச்சு, எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றான்.

"அலமாரில ரெண்டு புத்தகத்த உருவிட்டு, புதுப் பிரதிய எடம் மாத்திச் சொருகிட்டாங்க. பெட்டி புத்தகத்தோட முதுகுல இருக்கற எண்ணப் பாக்காம, இடது பக்கத்துலேர்ந்து ஒம்பதாவதுன்னு எண்ணி எடுத்துக் குடுத்துருச்சு."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அட வாலு! எண்ணியா எடுக்க வச்சே? முதுகப் பாக்காம?" என்றான். "தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சொல்வாங்க. நீ அடுத்தவன் முதுகையும் பாக்கல."

அண்ணியும் சிரித்துவிட்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்த பெட்டிக்காரி, "அப்போ நாளைக்குத் தனியாப் போறியா? அண்ணி பேக்கரிக்குச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. "இல்ல," என்றான் அண்ணன்.

"எல்லாம் சரி பண்ணியாச்சுண்ணா. நானே சோதிச்சுப் பாத்தேன்."

"நேத்தும் சரின்னுதானே சொன்ன. அப்பவும் நீதானே சோதிச்சுப் பாத்த." அவன் விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "உன்ன நம்பலன்னு இல்ல. ஏறி உக்காந்தா ஒவ்வொரு பேருக்கும் இது நெஜமான்னு சந்தேகம் வரும். அவ்வளவுதான். சரி, ஒண்ணு செய். நாளைக்கு என் கூட நீ வா. ஆனா கண்ண மூடிட்டு வரணும். வீட்டு வாசல் நிறுத்தத்துல மூடினா, எறங்கினப்புறந்தான் தொறக்கணும்."

"எதுக்கு?"

"பெட்டி செஞ்சவளுக்குப் பெட்டி போதுமான்னு பாப்போம்."

மறுநாள் சனிக்கிழமை. அண்ணி வாசல் வரை வந்தாள். பேக்கரிக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னும் சொல்லியிருக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்து இடம் கிடைத்தது. பெட்டிக்காரி கண்ணை மூடினாள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. வண்டி இரண்டு முறை திரும்பியதும் விளையாட்டு போய்விட்டது. எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரியவில்லை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள், அது யார், ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. பிரேக் போட்டபோது முன்னால் என்ன வந்தது என்று தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அவ்வப்போது தலைக்கு மேலே ஒரு மூச்சிழுப்பும் அதன் பின்னால் வரும் அண்ணியின் குரலும்தான். அடுத்த பெயருக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை எழுப்பிப் பேச வைக்கிற ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. ஆனாலும், இது பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவள் பயந்தாள். அண்ணன் மூன்று மாதம் தினமும் இப்படித்தான் உட்கார்ந்து போயிருக்கிறான். அவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"தண்ணீர்த் தொட்டி," என்றது பெட்டி.

அவளால் முடியவில்லை. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே உயரமாகத் தொட்டி நின்றது. மறுபடி மூடிக்கொண்டாள்.

இன்னும் சில நிறுத்தங்கள் போயின. யாரோ காய்கறிப் பையை அவள் முழங்காலில் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். வண்டி வேகம் குறைந்து நின்றது. மூச்சிழுப்பு. பிறகு, சளியில்லாத, கணீரென்ற குரல்: "நூலகம்."

பெட்டிக்காரி காத்திருந்தாள், அண்ணன் எழுந்து தன் தோளைத் தட்டுவான் என்று. அவன் எழவில்லை. பக்கத்தில் அவன் கை முன் சீட்டின் கம்பியை இறுகப் பிடித்திருப்பது அவள் கையில் பட்டது. பாலம் வந்துவிட்டதா, வரவில்லையா? நிறுத்தங்களை அவள் எண்ணி வைக்கவில்லை. இதுதான் அண்ணா, எழுந்திரு என்று சொல்லத் துடித்தாள். சொல்ல வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். பார்த்துச் சொன்னால் அது அவள் கண்ணின் வார்த்தை, பெட்டியின் வார்த்தை இல்லை. அப்படிச் சொல்லித் திங்கட்கிழமை அவனை யார் இறக்கிவிடுவது?

"அண்ணி சொல்றாங்க. நான் எறங்கறேன்," என்று எழுந்தாள்.

கண்ணைத் திறக்கவில்லை. கைகளை முன்னால் நீட்டி, ஒரு தோளை இடித்து, ஒரு கம்பியைப் பிடித்து, "பாத்துப் போம்மா" என்று யாரோ சொல்ல, படியைக் காலால் துழாவி ஒவ்வொன்றாக இறங்கினாள். கடைசிப் படிக்குக் கீழே தரை இருக்கிறதா என்பதே ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. இருந்தது. அவளுக்குப் பின்னால் தடி படியில் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கினான். பஸ் கதவு மூடி, வண்டி நகர்ந்து போனது.

மீன் வாசனை இல்லை. தடி டொக், டொக் என்று முன்னால் போய், கல்லில் முட்டி நின்றது. படிக்கட்டு.

"ம், தொறக்கலாம்," என்றான் அண்ணன்.

திறந்தாள். வெளிச்சம் கூசியது. நூலகத்தின் பெரிய கதவு, அதன் முன்னால் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி அண்ணன். அவன் முகத்தில் இருந்த தெளிவை அவள் நாலு வருஷத்துக்கு முன்னால்தான் கடைசியாகப் பார்த்திருந்தாள்.

"தண்ணித் தொட்டிகிட்ட தொறந்தியே," என்றான்.

"எப்படித் தெரியும்?"

"நிம்மதியா ஒரு மூச்சு விட்ட பாரு. அது கண்ணு தெரியறவங்க விடற மூச்சு." சிரித்தான். "ஆனா இங்க தொறக்கல. அது எனக்குப் போதும். சாயங்காலம் நானே வந்துருவேன். நீ வேலைக்குப் போ, லேட் ஆகுது." தடியை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு படியேறினான். அந்தப் படிகளில் அவனுக்குத் தடி தேவையில்லை.

பெட்டிக்காரி போனை எடுத்தாள். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள். மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது, பெட்டியில் கேட்பது போலவே.

"எறங்கியாச்சு அண்ணி."

"எங்க?" என்றாள் அண்ணி.

"நீங்க சொன்ன எடத்துல."